நாலு சின்னக் கவர்

எனக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றை ப்ளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் என் காகிதம் பறக்கும். ஒட்டுக்கேட்கிறவள் என்று தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டு. சொல்கிறவர்கள் சொல்லட்டும், காதுக்குக் கதவு வைத்து யாரும் பிறக்கவில்லை. பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். மெஷின் ஓடினால் எனக்கு ஒன்றும் கேட்காது, நின்றால் எல்லாம் கேட்கும். நிற்கிற நேரம்தான் அதிகம்.

காலையில் முதலில் கேட்பது கத்தரிக்கோல் சத்தம். மாத்திரை அட்டையை வெட்டும்போது 'கிரிச்' என்று ஒரு சத்தம் வரும். மருந்துக்காரர் வெட்டினால் ஒரே வெட்டு. பார்மசி படிக்கிற அவர் மகள் லீவுக்கு வந்து கவுண்டரில் நின்றால் அவளுக்கும் ஒரே வெட்டுதான். அதெல்லாம் முன்பு. ஒன்றரை வருஷமாக அவள் வெட்டுகிற சத்தம் மாறிப் போயிருந்தது. வெட்டுவாள், நிற்பாள், எண்ணுவாள், திரும்ப எண்ணுவாள். யாரும் கேட்காத அட்டைகளைக்கூட நாலு நாலாக வெட்டி அடுக்குவாள். ஒருநாள் அப்பா கத்தரிக்கோலைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டியதும் எனக்குக் கேட்டது.

அப்படி இருந்தவள்தான் ஒரு நாள் காலையில் என் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"அக்கா, இதுல மூணு காப்பி."

மெஷினில் வைக்கும்போது படிக்காமல் இருப்பதற்கு நான் என்ன முனிவரா? மெடிக்கல் காலேஜில் சீட் கிடைத்த கடிதம். பெயரும் அவளுடையதுதான்.

"அடியே! டாக்டர் சீட்டா?"

"மெதுவாக்கா. அப்பாவுக்குத் தெரியாது."

"பரீட்சை எப்ப எழுதின?"

"ஹாஸ்டல்லருந்தே போய் எழுதிட்டேன்."

"மூணு வருஷம் பார்மசி படிச்சாச்சு. இன்னும் ஒரே வருஷம். கரை ஏறப்போற நேரத்துல திரும்ப ஆத்துல குதிக்கிறியே, பைத்தியமா உனக்கு?"

"ஆமாக்கா" என்றாள். சிரிக்கவில்லை.

மூன்று தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டவள் கிளம்பாமல் நின்றாள். அவர்கள் கடை வாசலில் வாடிக்கையாளர் உட்காருவதற்காகக் கிடக்கும் சிவப்பு ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஸ்டூல்ல யாராச்சும் இருக்காங்களா?"

பட்டப்பகல். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஸ்டூல் காலி. "யாருமில்லையே" என்றேன். "சரிக்கா" என்று போனாள். உட்கார்ந்திருக்கும் ஆளின் முழங்காலில் இடிக்கக் கூடாது என்று ஒதுங்குவோமே, அப்படி ஒதுங்கி ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஸ்டூலில் யார் உட்காருவார்கள் என்பது தெருவுக்கே தெரியும். சாவிக்காரர் வீட்டம்மா. சாவிக்காரர் தெருமுனையில் உட்கார்ந்து பூட்டு பழுது பார்ப்பவர், சாவி ராவிக் கொடுப்பவர். கண் மங்கிப் பல வருஷம் ஆகிறது. விரலால் தடவியே சாவியின் பல்லை எண்ணிவிடுவார். வீட்டம்மாவுக்கு மூட்டுவாதம். விரல் எல்லாம் வளைந்து போயிருக்கும். ஆனாலும் வாய் மட்டும் வளையவில்லை.

"டாக்டரே, என் விரலெல்லாம் கொக்கியாயிடுச்சு. பை மாட்டினா விழவே மாட்டேங்குது, அவ்வளவு வசதி" என்பார் மருந்துக்காரரைப் பார்த்து.

"நான் டாக்டர் இல்லம்மா. எத்தனை தடவை சொல்றது?"

"எழுதிக் குடுத்தவரு ரெண்டு நிமிஷம் என்னைப் பார்த்தாரு. நீங்க இருபது வருஷமா பார்க்கிறீங்க. அப்ப யாரு டாக்டரு?"

அந்த அம்மாவுக்கு ஒரு மஞ்சள் மாத்திரை உண்டு. குட்டியாக, மிளகு அளவுதான் இருக்கும். வாரத்துக்கு ஒன்றுதான் சாப்பிட வேண்டும். அதைக் கொடுப்பதற்கு மருந்துக்காரர் ஒரு முறை வைத்திருந்தார். மாதத்துக்கு நாலே நாலு வெட்டுவார். நாலையும் நாலு சின்னக் கவரில் போடுவார். ஒவ்வொரு கவர் மேலும் சிவப்பு மையில் 'புதன்' என்று எழுதித் தேதி போடுவார். பின்னால் நிற்கிற கூட்டம் முணுமுணுக்கும், அவர் அசைய மாட்டார்.

"ஏண்ணே, நாலு மாத்திரைக்கு நாலு கவரா? தபால் ஆபீஸா நடத்துறீங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"இது தினம் போடுற மாத்திரை இல்லம்மா. கைல இருந்தா கை சும்மா இருக்காது" என்றார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். இரண்டு வாரம் படுக்கை, கடைசி மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரி. உடம்பில் ரத்தமே ஊறவில்லை என்றார்களாம். வயசு என்றார்கள். தெருவும் வயசு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிற்று. சாவிக்காரர் மட்டும் மாதாமாதம் தன் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். ஸ்டூலில் உட்கார மாட்டார், நின்றுகொண்டே வாங்கிப் போவார்.

அதற்கு அடுத்த சில மாதத்தில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடை லைசென்ஸ் புதுப்பிக்க மருந்துக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் தன் சர்டிபிகேட்டைச் சட்டத்தோடு தூக்கி வந்தார். பின்பலகையை நான்தான் கழற்றினேன். சர்டிபிகேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய மருந்துக் கவர் விழுந்தது. காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்த கவர். காலைக் கட்டத்தில் ஒரு டிக். உள்ளே ஒரு காலி அட்டை, பத்துக் குழி, பத்தும் கிழிந்திருந்தது.

"என்னண்ணே இது?"

மனுஷன் என் கையிலிருந்து பிடுங்கினார். இத்தனை வருஷத்தில் என் கையிலிருந்து அவர் எதையும் பிடுங்கியதில்லை. எதற்கும் நிதானம் தவறாதவர். அன்றைக்கு விரல் நடுங்கியது. அதற்கப்புறம் அந்த நடுக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.

சரி, சீட் விஷயத்துக்கு வருகிறேன். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் என்ன ஆகும்? மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர் நேரே போய் "மருந்து குடுக்குற வீட்டுல மருந்து எழுதுற பொண்ணு! டீ என் கணக்கு" என்று மருந்துக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். பெற்ற மகளின் சங்கதியை அவர் டீக்கடைக்காரர் வாயால் தெரிந்துகொண்டார். அந்தப் பாவம் எனக்குத்தான்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பாதி ஷட்டர் இறங்கியது. என் மெஷினும் நின்றிருந்தது. டிபன் பாக்ஸை யாரும் திறந்த சத்தமில்லை.

"யாரைக் கேட்டு எழுதின?" என்றார் மருந்துக்காரர்.

"கேட்டா விட்டிருப்பீங்களாப்பா?"

"இன்னும் ஒரு வருஷம். முடிச்சா இந்தக் கடை உன் பேர்ல ஓடும். என் கையைப் பாரு, ஒரு அட்டையை நேரா வெட்ட முடியுதா?"

"அந்தக் கவுண்டர்ல என்னால நிக்க முடியாதுப்பா."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியும். சர்டிபிகேட்டுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீங்களே ஒரு கவர், நானும் பார்த்துட்டேன், அதுதான் ஏன்."

அவளே தொடர்ந்து பேசினாள். ஒப்பிக்கிற குரல். மனசுக்குள் எத்தனை நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாளோ.

"அன்னிக்கு நல்ல கூட்டம். நீங்க குடோனுக்குப் போயிருந்தீங்க. சாவிக்காரப் பெரியப்பா வந்து, 'பாப்பா, இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு மாசாமாசம் வர்றது கஷ்டமா இருக்கு, சேர்த்துக் குடு'ன்னாரு. பாவமா இருந்துச்சு. பத்து மாத்திரை, முழு அட்டையா குடுத்துட்டேன். ஒரே கவர். காலையில சாப்பிடணும்னு டிக் போட்டேன். புதன்னு எழுதல. சிவப்புப் பேனாவைத் தேடினேன், காணோம். அடுத்த ஆளு சீட்டை நீட்டிட்டான்."

"வாயால சொன்ன இல்ல? வாரத்துக்கு ஒண்ணுன்னு?"

"சொன்னேனா? ஒரு நாள் யோசிச்சா சொன்ன மாதிரி இருக்கு. இன்னொரு நாள் சொல்லவே இல்லாத மாதிரி இருக்கு. எனக்குத் தெரியலப்பா. அதுதான் என்னைத் தின்னுது."

"சரி, விடு..."

"எப்படி விடுறது? எட்டு நாள் கழிச்சுத் திரும்ப வந்தாரு. 'அவளுக்கு வாயெல்லாம் புண்ணு, தண்ணிகூட இறங்கல பாப்பா'ன்னாரு. நான் என்ன செஞ்சேன்? தடவுறதுக்குக் களிம்பு குடுத்தேன். அந்த மாத்திரை அளவு மீறினா முதல்ல வாய்தான் வெந்துபோகும். அடுத்த வருஷப் பாடத்துல இருந்துச்சு. வாய்மொழித் தேர்வுல என்கிட்ட அதையேதான் கேட்டாங்க. ஒண்ணு விடாம சொன்னேன். வகுப்புலயே எனக்குத்தான் அதிக மார்க். எல்லாரும் கை தட்டினாங்கப்பா."

காகிதக் கட்டின் மேலேயே உட்கார்ந்தேன்.

"டாக்டராயிட்டா தப்பே வராதா?" என்றார் அவர்.

"வரும். ஆனா எழுந்து போய்ப் பார்க்கலாம். நாக்கை நீட்டுங்கன்னு சொல்லலாம். இங்க கவரோட என் கை முடிஞ்சிருது. பெரியம்மா மூணாவது வீட்டுலதான் படுத்துக் கிடந்தாங்க. மூணாவது வீடுப்பா. களிம்பைக் குடுத்துட்டு நான் அடுத்த ஆளைப் பார்த்தேன்."

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"போறதுக்கு முன்னாடி பெரியப்பாகிட்ட சொல்லிட்டுப் போறேன். இல்லேன்னா நான் அங்கயும் உருப்பட மாட்டேன். எந்தப் படுக்கையைப் பார்த்தாலும் அவங்கதான் உக்காந்திருப்பாங்க."

கவுண்டர் கண்ணாடி அதிர்ந்தது. கையால் ஓங்கித் தட்டியிருக்க வேண்டும். "கூடாது!"

"ஏன்?"

"சொல்றது உனக்கு மருந்து. அவருக்கு அது என்னன்னு யோசிச்சியா?"

"லைசென்ஸ் போயிடும்னு பயப்படுறீங்க."

அதை அவர் மறுக்கவில்லை. "படிப்புலருந்து விலகுறதுக்கு என் கையெழுத்து வேணும்ல? போடுறேன். அவர்கிட்ட வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு" என்றார்.

"...சரி."

பேனா ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. சீ, என்ன மனுஷன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கவர் போட்டு யோக்கியம் காட்டினவர், கடை என்று வந்ததும் பிள்ளையின் வாயைப் பூட்டுகிறாரே! எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டால் ஒட்டுக்கேட்டது வெளியே வரும். பச்சைப் பொத்தானை அழுத்தி வெற்றுத் தாளை வெற்றுத் தாளாகவே நகல் எடுத்துக்கொண்டு நின்றேன்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் வானம் மூடிக்கொண்டிருந்தது. மழைக்கு முந்தின புழுக்கம். அவள் அம்மா குழந்தைகள் பள்ளியில் டீச்சர். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. மகள் சும்மா படிப்பு மாறுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். சாக்லேட் டப்பாவோடு கடைக்கு வந்து, போகிற வருகிறவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மகளும், இந்தப் பக்கம் நானும் டீச்சரும்.

சுவரைத் தடவிக்கொண்டே சாவிக்காரர் வந்தார். சட்டையில் இரும்புத் தூள் மினுங்கியது. பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"பாப்பா, உன் பெட்டிக்கு. கடைப் பூட்டை ஹேர்பின்னாலயே திறந்துடுவானுங்க. இதுக்கு உள்ளே எல்லாம் நானே மாத்திப் போட்டது. சாவி ரெண்டு. ஒண்ணை உன்கிட்ட வை, ஒண்ணை அம்மாகிட்ட குடு. தொட்டுப் பாரேன்."

அவள் தொடவில்லை.

"எதுக்குங்கண்ணே இதெல்லாம்" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும்மா. என் வீட்டுக்காரி இருந்திருந்தா ஊரையே கூட்டியிருப்பா. 'நம்ம பாப்பா நெஜ டாக்டரு'ன்னு உங்க வீட்டுக்காரரை வாயாலயே கொன்னிருப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் இருக்காரே, எண்ணி நாலுதான் குடுப்பாரு. பாப்பாதான் இந்தக் கிழவன் நடக்கமுடியாம வர்றானேன்னு முழு அட்டையா குடுத்துச்சு. அந்த மனசுக்குத்தான் கடவுள் சீட்டு குடுத்திருக்கான்."

மருந்துக்காரர் மகளின் கையைப் பிடித்தார். "பாப்பா, நீ உள்ளே போ."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அந்த அட்டைதான் பெரியப்பா."

"பாப்பா!"

"பெரியம்மா வயசாகிப் போகல. அந்த மாத்திரைதான். தினம் சாப்பிட்டா அது விஷம். ரத்தத்தையே ஊற விடாது. வாரத்துக்கு ஒண்ணுன்னு நான் எழுதல. சொல்லாமயும் விட்டுட்டேன். வாய்ப்புண்ணுன்னு நீங்க வந்தப்பவும் எனக்குப் புரியல. நான்தான் பெரியப்பா. நான்தான் செஞ்சேன்."

டீச்சர் கையிலிருந்த டப்பா அப்படியே நின்றது. சாவிக்காரர் முகத்தைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டார், பூட்டுக்குள் ஏதோ சிக்குகிறது என்று கேட்பவரைப் போல.

"சொன்னியேம்மா" என்றார்.

"இல்ல..."

"சொன்ன. ரெண்டு தடவை சொன்ன. 'வாரத்துக்கு ஒண்ணுதான் பெரியப்பா, புதன்கிழமை'ன்ன. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகல."

அவர் கை பின்னால் துழாவியது. ஸ்டூல் அகப்பட்டது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு வலி அப்படி. ராத்திரியெல்லாம் குழந்தை மாதிரி அழுவா. வாரத்துக்கு ஒண்ணு கேக்குற வலியா அது? அட்டைதான் கைல இருக்கே. ஒரு நாள் ஒண்ணு கூடக் குடுத்தேன். அன்னிக்குத் தூங்கினா. அப்புறம் தினம் குடுத்தேன். அவ சம்மதிக்கல. 'இன்னிக்குப் புதன் இல்லையே'ம்பா. புதன்தான்டின்னு சொல்லுவேன். படுத்தே கிடந்தவளுக்குக் கிழமை ஏது? நான் சொன்னா அவளுக்கு வேதம். தினமும் புதன்கிழமைன்னே சொன்னேன்."

ஸ்டூலின் ஓரத்தை அவர் விரல் தடவியது.

"களிம்பு வாங்க வந்தப்பகூட உன்கிட்ட இதைச் சொல்லல பாப்பா. திட்டுவியோன்னு. வயசுதான்னு எல்லாரும் சொன்னாங்களே..." நிறுத்தினார். "விஷம்னா சொன்ன? அப்ப... நான்தானா?"

கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்காரர்தான் வெளியே வந்தார். வியாபார நேரத்தில் அவர் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. ஸ்டூலுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, அந்த இரும்புக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லண்ணே. என் கடை அட்டை. என் கவர். என் மேல போடுங்க. முழுசா என் மேல போடுங்க."

"நான்தானா தம்பி?"

"என் மேல போடுங்கண்ணே."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வீட்டம்மா போன பிறகு அந்தக் காலிக் கவரைச் சாவிக்காரர் திருப்பிக் கொண்டுவந்த அன்றைக்கு, "தினம் குடுத்தும் அவ பிழைக்கல தம்பி" என்று தன் வாயாலேயே சொன்னது தடுப்பு வழியாக எனக்கும் கேட்டிருந்தது, அர்த்தம்தான் புரியவில்லை. மருந்துக்காரருக்கு அன்றே எல்லாம் விளங்கிவிட்டது. அவர் பாதுகாத்தது லைசென்ஸை அல்ல. இந்த மனிதரின் தூக்கத்தை. மகள் தன்னை அப்பா சந்தேகப்படுவதாக நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, கடைக்காகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அவரையா நான் சீ என்றேன்? என் நாக்கில் சூடு போட வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. டீச்சர்தான் சாவிக்காரரைக் குடைபிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். மகள் பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்ப்பா எனக்குச் சொல்லல?" என்று அவள் கேட்டது தடுப்பு வழியாக எனக்குக் கேட்டது.

"சொல்லியிருந்தா நீ பாரத்தை இறக்கியிருப்ப, அது அவர் தலையில ஏறியிருக்கும். யாராவது ஒருத்தர்தான் இறக்கி வைக்க முடியும்னு இருந்துச்சு" என்றார். பிறகு, "உன்னைச் சுமக்க விட்டது தப்புதான். நீ சின்னவ, தாங்குவேன்னு நினைச்சேன்" என்றார்.

அவள் இரண்டு நாள் தாமதமாகத்தான் கிளம்பினாள். போகாமல் இருந்துவிடுகிறேன் என்று அழுததையும், "போகாம இருந்தா மட்டும் அவரு தூங்கிடுவாரா? போ, போய்ப் படி" என்று அப்பா சொன்னதையும் கேட்டேன். பெட்டியில் அந்தப் பூட்டுதான் தொங்கியது. தெருமுனையில் பன்னிரண்டு நாள் அரம் ராவுகிற சத்தம் இல்லை. பதின்மூன்றாம் நாள் கேட்டது. நான் அழுதுவிட்டேன்.

அன்றைக்குக் காலையில்தான் சாவிக்காரர் தன் பிரஷர் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினார்.

"இதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க தம்பி. என் கைல குடுக்காதீங்க. தினம் வர்றேன், ஒண்ணு குடுங்க. இங்கயே முழுங்கிட்டுப் போறேன்."

அதிலிருந்து தினமும் கடை திறந்ததும் வருகிறார். ஸ்டூலில் உட்காருகிறார். முழு ஸ்டூலில் இல்லை, ஓரமாக, பாதியில். மீதிப் பாதி காலியாக இருக்கும். எத்தனை கூட்டம் நின்றாலும் அந்தப் பாதியில் கை வைக்கக்கூட விட மாட்டார்.

ஐந்து மாதம் கழித்து அவள் லீவுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். தெருவெல்லாம் டாக்டரம்மா டாக்டரம்மா என்று வாயில் சர்க்கரை கொட்டியது. அவள் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். மறுநாள் காலை மருந்துக்காரரின் கை ரொம்ப நடுங்கியது போலிருக்கிறது. டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் 'கிரிச்' என்று ஒரே வெட்டு. நான் எட்டிப் பார்த்தேன். தடுப்பு வழியாகக் கேட்டால் போதாது என்று தோன்றியது.

கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். ஸ்டூலைச் சுற்றி ஒதுங்கித்தான் வந்தாள், காலியான பாதியின் பக்கம். சாவிக்காரருக்கு முன்னால் குந்தினாள்.

"நான்தான் பெரியப்பா. நாக்கை நீட்டுங்க."

சொல்வதைக் கேட்கும் பிள்ளையாக நீட்டினார். அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டை விலக்கி, கன்னத்தின் உட்புறம் வரை பார்த்தாள். அவசரமே படவில்லை. பின்னால் நாலு பேர் சீட்டோடு நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அப்புறம் அவர் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்தாள்.

அவர் வாயில் போடவில்லை. கையை மூடி வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு என்ன கிழமை பாப்பா?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்தாள்.

"வியாழன் பெரியப்பா."

"பார்த்துச் சொல்றியா?"

"பார்த்துதான் சொல்றேன். வியாழன்தான்."

தலையை ஆட்டிவிட்டு அவர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.